பெயரும் வினையும்: வெளிவராமல் போன சில வீடியோ கேம்கள் குறித்து

1. சக்கரம்

படூரில் நான் குடியிருக்கும் தெருவில் மாடி அறைகளெல்லாம் மாணவர்களுக்கென்றே கட்டியவை. கல்லூரிக்கு நடந்து போய்விடலாம். வேலை கிடைத்தால் சிறுசேரி சிப்காட்டும் பக்கம்தான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாடியில் இருந்த இறுதியாண்டு மாணவர் ஒருவர், ‘கர்ணன்’ (1964) படத்தை வீடியோ கேமாக்குவதைத் தன் புராஜெக்டாக எடுத்துக்கொண்டார். ஓர் இரவு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். திரையில் குருக்ஷேத்திரம். தேர்ச்சக்கரம் அச்சுவரை மண்ணில் புதைந்திருக்கிறது. கர்ணன் குனிந்து அதைப் பற்றியிருக்கிறான். ஸ்பேஸ்பாரை அழுத்தினால் அவன் தோள் இறுகுகிறது, விட்டால் தளர்கிறது. இருபது முறையாவது அழுத்தியிருப்பேன். சக்கரம் அசையவில்லை.

“எத்தனை தடவை அழுத்தணும்னு மட்டும் கேக்காதீங்க சார். தூக்கிட்டா கதை கெட்டுடும். தூக்காட்டி இது கேமே இல்ல” என்றார்.

அடுத்த ரிவ்யூவுக்குள் அவர் வேறு தலைப்புக்கு மாறிவிட்டார். வருகைப்பதிவைக் கணக்கிடும் ஏதோ ஒரு செயலி. அவர் கைவிட்டதற்கு நேரமின்மை, கூட்டாளிகள் விலகல் என்று பல காரணங்கள் இருந்தன. ஆனால் அன்றிரவு அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்த சிக்கல், அவரைவிடப் பல மடங்கு பணமும் ஆளும் வைத்திருந்த நிறுவனங்களையும் மடக்கிப் போட்டிருக்கிறது. காலத்தில் நிலைத்த ஒரு படத்தை வீடியோ கேமாக்கும் முயற்சி ஏன் பாதியில் நின்றுபோகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 2005, 2006இல் அறிவிக்கப்பட்டு வெளிவராமல் போன மூன்று அமெரிக்க முயற்சிகளை முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன். அதன் பிறகு, தமிழில் இப்படிக் கைவிடப்பட்ட ஒன்றைக்கூட ஏன் சுட்ட முடியவில்லை என்ற துணைக் கேள்விக்கு வருகிறேன்.

2. வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள்

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பொதுவாக மூன்று விளக்கங்களில் ஒன்றைச் சொல்வார்கள்.

முதலாவது, புனிதம். பெரிய இயக்குநரின் படத்தைத் தொடக்கூடாது, தொட்டால் ரசிகர்களும் படைப்பாளிகளும் எதிர்ப்பார்கள், அதனால் நின்றுவிடும் என்பது. இதற்கு எதிரான சான்று கையிலேயே இருக்கிறது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘தி காட்ஃபாதர்’ படத்தை கேமாக்கியபோது பிரான்சிஸ் ஃபோர்ட் கப்போலா தன்னைக் கேட்கவே இல்லை என்று வெளிப்படையாகக் கண்டித்தார். உரிமை பாரமவுண்டிடம் இருந்தது; கண்டனம் கண்டனமாகவே நின்றது. அல் பசினோவின் முகம் கிடைக்கவில்லை. மார்லன் பிராண்டோ 2004இல் மறைவதற்கு முன் பதிவுசெய்து கொடுத்த குரலில் பெரும்பகுதி, அவருடைய உடல்நிலை காரணமாகப் பயன்படவில்லை. அப்படியும் 2006இல் கேம் வெளிவந்து நன்றாகவே விற்றது. புனிதத்தால் தடுக்க முடிந்திருந்தால் முதலில் தடுக்கப்பட்டிருக்க வேண்டியது இதுதான்.

இரண்டாவது, தரம். படத்தை வைத்துச் செய்யும் கேம்கள் மோசமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அட்டாரியின் ‘ஈ.டி.’ ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஏறக்குறைய ஐந்து வாரத்தில் எழுதி முடித்த கேம் அது. விற்காத பெட்டிகளை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் குழிதோண்டிப் புதைத்தார்கள். 2014இல் மீண்டும் தோண்டி எடுத்தார்கள். ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அது வெளிவந்தது. மோசமாக இருப்பது வெளியீட்டுக்குத் தடையாக இருந்ததில்லை, சினிமாவில் எப்படித் தடையில்லையோ அப்படி.

மூன்றாவது, பணம். இதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. கேம் வெளியீட்டாளர் படத்தின் உரிமையாளருக்கு முன்பணம் கட்டுகிறார்; கேமைச் செய்யும் ஸ்டுடியோவுக்குத் தவணை தவணையாகக் கொடுக்கிறார். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் தொடரலாமா, நிறுத்தலாமா என்று கணக்குப் பார்க்கப்படுகிறது. வீடு கட்டுபவர் லிண்டல் மட்டத்தில் கையிருப்பைப் பார்ப்பதுபோல. மேலும் நான் எடுத்துக்கொண்ட மூன்று முயற்சிகளும் கன்சோல் தலைமுறை மாறும் நேரத்தில் தொடங்கியவை. எக்ஸ்பாக்ஸ் 360 நவம்பர் 2005இலும் பிளேஸ்டேஷன் 3 நவம்பர் 2006இலும் வந்தன. பழைய கருவிக்குப் போட்ட பட்ஜெட் புதிய கருவிக்குப் போதாது. எனவே பணம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில், அதே நெருக்கடியில், வேறு பழைய படங்களின் கேம்கள் வெளிவந்தன. பணம் இறுகும்போது எது முதலில் உதிர்கிறது என்பதற்கு இந்த விளக்கத்தில் விடை இல்லை.

தமிழ் இலக்கணம் சொற்களைப் பிரிக்கும்போது முதலில் வைப்பது பெயர், வினை என்ற இரண்டையும். அந்தப் பிரிவு இங்கே எனக்கு உதவுகிறது. உரிமம் வாங்கும் நிறுவனம் வாங்குவதெல்லாம் பெயர்கள்: படத்தின் பெயர், பாத்திரத்தின் பெயர், நடிகரின் முகம், இசை, இடம். கேம் ஓடுவது வினையில். ஓடு, தாண்டு, சுடு, ஒளி, கட்டு. ஆடுபவர் மணிக்கணக்கில் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய ஒரு வினை படத்துக்குள் இருக்கிறதா என்பதைப் பத்திரத்தில் எழுதி வாங்க முடியாது.

3. மூன்று படங்கள், மூன்று வினைகள்

2002இல் வந்த ‘வைஸ் சிட்டி’, 2004இல் வந்த ‘சான் ஆண்ட்ரியாஸ்’ ஆகிய ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ கேம்களின் வெற்றி, வெளியீட்டாளர்களைப் பழைய குற்றப்படங்களின் பக்கம் திருப்பியது. ‘வைஸ் சிட்டி’யே ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தின் நிழலில் வளர்ந்ததுதான். நிழலுக்கே இவ்வளவு விற்பனை என்றால் அசலுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘டாக்ஸி டிரைவர்’ (1976) படத்தை கேமாக்கப்போவதாக மஜெஸ்கோ நிறுவனம் 2005இல் அறிவித்தது. செய்யவிருந்தது பப்பாயா ஸ்டுடியோ. அதே ஆண்டில் மஜெஸ்கோ வெளியிட்ட ‘சைகோநாட்ஸ்’ போன்ற கேம்கள் பாராட்டைப் பெற்றும் விற்கவில்லை. 2006 தொடக்கத்தில் அந்நிறுவனம் பெரிய பட்ஜெட் கன்சோல் கேம்களிலிருந்து விலகிக் கையடக்கக் கருவிகளுக்கான சிறிய கேம்கள் பக்கம் ஒதுங்கியது. ‘டாக்ஸி டிரைவர்’ நின்றது. இதைப் பணத்தின் கணக்கில் எழுதுவதே முறை. ஆனால் அந்தப் படத்தை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். கதாநாயகன் ஒரு பெண்ணிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். கேமரா அவனைப் பார்க்கக் கூசியதுபோல மெல்ல விலகி, ஆளில்லாத ஒரு தாழ்வாரத்தைக் காட்டி நின்றுவிடுகிறது. படத்தின் உயிர் அந்த விலகலில் இருக்கிறது. கேமில் கேமரா ஆடுபவரின் கையில். அவர் எதையும் பார்க்கக் கூசுவதில்லை. அந்தத் தாழ்வாரத்தில் தோட்டா கிடைக்குமா என்று போய்த் தேடுவார். படத்தில் துப்பாக்கி பெரும்பாலும் கடைசியில் சில நிமிடங்களுக்குத்தான் வெடிக்கிறது. மற்றபடி அவன் செய்வது கார் ஓட்டுவது, தூக்கம் வராமல் இருப்பது, எழுதுவது. கார் ஓட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டால், பயணியை ஏற்றி இறக்கும் ஆட்டத்தை ‘கிரேஸி டாக்ஸி’ 1999இலேயே முடித்துவிட்டது, இந்தப் படத்தின் தயவு இல்லாமல்.

மஜெஸ்கோவைக் காப்பாற்றியவற்றுள் ஒன்று 2006இல் அது அமெரிக்காவில் வெளியிட்ட ‘குக்கிங் மாமா’. வெங்காயம் நறுக்கு, வதக்கு, கிளறு. முழுக்க முழுக்க வினை.

‘டர்ட்டி ஹாரி’ (1971) விஷயம் இன்னும் நுட்பமானது. வார்னர் பிரதர்ஸின் கேம் பிரிவு, ‘தி கலெக்டிவ்’ என்ற ஸ்டுடியோவிடம் வேலையைக் கொடுத்தது. கிளின்ட் ஈஸ்ட்வுட்டே குரல் தருவதாக இருந்தது. ஸ்டுடியோவுக்கும் ‘இந்தியானா ஜோன்ஸ்’, ‘பஃபி’ என்று திரைப்பெயர்களை கேமாக்கிய அனுபவம் இருந்தது. 2005 வாக்கில் தொடங்கி இரண்டொரு ஆண்டுகளில் நின்றுபோனது. இங்கே வினை இல்லை என்று சொல்ல முடியாது. படம் முழுவதும் துப்பாக்கிதான். சிக்கல் அந்த வினை எப்படிக் காட்டப்படுகிறது என்பதில். படத்தின் தொடக்கத்தில் வங்கிக் கொள்ளைக்காரன் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். கை எட்டும் தூரத்தில் அவனுடைய துப்பாக்கி. கதாநாயகன் காலஹன் அவன்முன் நின்று, தான் ஆறு முறை சுட்டாயிற்றா, ஐந்து முறையா என்று தனக்கே மறந்துவிட்டதாகச் சொல்லி, துணிந்து பார்க்கிறாயா என்கிறான். கொள்ளைக்காரன் எண்ணவில்லை. நாமும் எண்ணவில்லை. அந்தக் காட்சியின் அச்சம் முழுவதும் அந்த எண்ணாமையில் தொங்குகிறது. இப்போது அதை அந்தக் கால கேமாகக் கற்பனை செய்யுங்கள். திரையின் கீழ் மூலையில் மிச்சமுள்ள தோட்டா எத்தனை என்று எண் ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஆறு, ஐந்து, நான்கு. ஆடுபவருக்கு எல்லாம் தெரியும். எண்ணை எடுத்துவிட்டால் மற்றச் சண்டைகளில் ஆட முடியாது. வைத்தால் படத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சி செத்துவிடும். தோட்டாவை எண்ணுவதைப் பற்றிய ஒரு படம், தோட்டாவை எண்ணியே ஆடும் ஒரு கலைக்குள் நுழைய முடியாமல் போனது எனக்கு மிகவும் வியப்பான முரண். நிறுத்தியவர்கள் இதை யோசித்து நிறுத்தினார்கள் என்று நான் வாதிடவில்லை. இப்படியொரு முடிச்சு நடுவில் கிடக்கும்போது எந்த ஸ்டுடியோவும் அடுத்த தவணைக்குக் காட்ட எதையாவது தேடித் திணறும் என்பது மட்டுமே என் ஊகம்.

மூன்றாவது, மைக்கேல் மானின் ‘ஹீட்’ (1995). கியர்பாக்ஸ் நிறுவனம் 2006இல் அறிவித்தது. 2009இல் அதன் தலைவர் ராண்டி பிட்ச்ஃபோர்ட் அது நடக்கும் நிலையில் இல்லை என்று தெளிவாக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அந்நிறுவனத்தின் சொந்தப் படைப்பான ‘பார்டர்லேண்ட்ஸ்’ வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. உரிமம் கட்டிப் பிறர் கதையைச் செய்வதைவிடச் சொந்தக் கதை லாபம் என்று தெரிந்தபின் எவரும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள்.

ஆனால் ‘ஹீட்’ மூன்றிலும் வேறுபட்டது. அதில் கேமுக்கான வினை கொட்டிக் கிடக்கிறது: திட்டமிடு, உள்ளே நுழை, பையைத் தூக்கு, நகரத் தெருவில் சுட்டுக்கொண்டே பின்வாங்கு. இவ்வளவு இருந்தும் ஏன் நின்றது? விடை, அந்த வினையை எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமம் தேவைப்படவில்லை என்பதுதான். 2008இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’ கேமில் ஒரு வங்கிக் கொள்ளைக் கட்டம் வந்தது. ‘ஹீட்’ பார்த்தவர்களுக்கு அது எதிலிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. 2011இல் ஓவர்கில் ஸ்டுடியோவின் ‘பேடே’ முழு கேமையும் அந்த ஒரே வினையின் மேல் கட்டியது; அதன் ஒரு கட்டத்துக்கு ‘ஹீட் ஸ்ட்ரீட்’ என்றே பெயர். 2013இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’, படத்தின் கவச வண்டிக் கொள்ளையையும் ஆட வைத்தது. பதிப்புரிமைச் சட்டம் காக்கும் பொருளில் பசினோவும் டி நீரோவும் காபிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சி அடங்கும். முகமூடி மாட்டிக்கொண்டு வங்கிக்குள் நுழைவது என்ற செயல் அடங்காது. பணம் கொடுத்தவரிடம் பெயர் இருந்தது; வினை தெருவில் கிடந்தது.

4. என் வாதத்துக்கு எதிரானவை

இதற்கு ஒத்துவராத சான்றுகளையும் வைத்தாக வேண்டும். வால்டர் ஹில்லின் ‘தி வாரியர்ஸ்’ (1979) படத்தை ராக்ஸ்டார் 2005இல் கேமாக்கி நல்ல பெயர் வாங்கியது. இது என் வாதத்துக்குச் சாதகம்: எதிரிக் கும்பல்களுக்கு நடுவே நகரத்தைக் கடந்து தம் பேட்டைக்குத் திரும்புவது என்பது படத்திலேயே ஒரு கேமின் வடிவில் இருக்கிறது. ‘ஸ்கார்ஃபேஸ்’ (2006) அப்படியல்ல. டோனி மொன்டானா சாகவேண்டிய மாளிகைச் சண்டையில் அவனைப் பிழைக்க வைத்து, அங்கிருந்து புதுக் கதை தொடங்கினார்கள். எங்கள் மாடி மாணவரின் மொழியில் சொன்னால், சக்கரத்தைத் தூக்கிவிட்டார்கள். கதை கெட்டது, கேம் பிழைத்தது. படத்தின் முடிவை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தால் வினையை வெளியிலிருந்தும் கொண்டுவரலாம் என்பதற்கு அது உதாரணம்.

‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) என்னைச் சங்கடப்படுத்துகிறது. ‘காட்ஃபாதர்’ கேமைக் கண்டித்த அதே கப்போலாவின் ஆசியுடன், 2017 ஜனவரியில் 9,00,000 டாலர் கேட்டுக் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்கள் நிதி திரட்டினார்கள். சுட்டுத் தள்ளும் கேமாக இருக்காது. பயமும் பிழைத்திருத்தலுமே ஆட்டம் என்று சொன்னார்கள். வினையைப் பற்றி முன்கூட்டியே யோசித்த முயற்சி இது. இருந்தும் இலக்கை எட்டாமல், நிதிதிரட்டலைப் பாதியில் நிறுத்திச் சொந்த இணையதளத்துக்கு மாறி, அறிவித்த காலம் கடந்தும் வெளிவரவில்லை. இயக்குநரின் சம்மதமும் சரியான வினையும் சேர்ந்தாலும் பணம் இல்லையென்றால் நடக்காது. ஆகவே என் கருத்தைச் சற்றுக் குறுக்கிக்கொள்கிறேன்: பணத்தட்டுப்பாடு வரும்போது, வினை தெளிவாகாத கேம்தான் மேசையிலிருந்து முதலில் விழுகிறது. தெளிவான கேமும் விழலாம்.

5. பெங்களூர் வழியே ஒரு சுற்று

இந்தியாவில் இந்த வரலாறு ஒரு வினோதமான வழியில் தொடுகிறது. 1997இல் ராஜேஷ் ராவ் தொடங்கிய பெங்களூரின் துருவா இண்டராக்டிவ், நாட்டின் மூத்த கேம் நிறுவனங்களுள் ஒன்று. அதற்கு 1998இல் பிரெஞ்சு நிறுவனமான இன்ஃபோகிராம்ஸிடமிருந்து கிடைத்த பெரிய வேலை, ‘மிஷன் இம்பாசிபிள்’ கேமின் கணினிப் பதிப்பு. அந்த கேம் நின்டெண்டோ 64, பிளேஸ்டேஷன், கேம்பாய் கலர் ஆகியவற்றில் மட்டுமே கடைக்கு வந்தது. துருவா அதன்பின் வெளிநாட்டு கேம்களுக்கு ஓவியமும் மாதிரிகளும் செய்துதரும் நிறுவனமாக வளர்ந்தது. வேறொருவர் கேமுக்கு மரம், கார், கல், சுவர் வரைந்து கொடுப்பது, அதாவது பெயர்ச்சொற்களைச் செய்துதருவது. வினை வாடிக்கையாளரிடமே இருக்கும்.

2016இல் துருவாவை வாங்குவதாக அறிவித்தது சுவீடனின் ஸ்டார்பிரீஸ். ‘பேடே’யைச் செய்த ஓவர்கில் அந்தக் குழுமத்தில்தான் இருந்தது. 2019இல் ஸ்டார்பிரீஸ் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, துருவாவை 79 லட்சம் டாலருக்கு வாங்கியது ராக்ஸ்டார், அதாவது ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’காரர்கள். ‘ஹீட்’டின் வினையை உரிமம் இல்லாமல் எடுத்துக்கொண்ட இரண்டு வீடுகளிலும் அடுத்தடுத்து வாழ்க்கைப்பட்டது, ஒரு ஹாலிவுட் படத்தின் கேமோடு தொழில் தொடங்கிய பெங்களூர் நிறுவனம். தற்செயல்தான். ஆனால் தொழிலின் ஓட்டம் எந்தப் பக்கம் என்று அது காட்டுகிறது.

6. தமிழில் கைவிடப்பட்டது ஏன் இல்லை?

தமிழ்த் திரையுலகில் கைவிடப்பட்ட படங்களுக்குப் பஞ்சமில்லை. 1997இல் எலிசபெத் ராணி வந்து பார்த்த ‘மருதநாயகம்’ தொடக்க விழா முதல், ரஜினிகாந்தை அனிமேஷனில் காட்டவிருந்த ‘சுல்தான் தி வாரியர்’ வரை பட்டியல் நீளும். ஆனால் ஒரு பழைய தமிழ்ப் படத்தை கேமாக்குவதாக அறிவித்துக் கைவிட்ட பெரிய முயற்சி என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்மிடம் கேம் என்பது புதுப்பட விளம்பரத்தின் ஒரு கிளையாகவே வந்தது. போஸ்டர், டீசர், பாட்டு வெளியீடு, கூடவே போனுக்கு ஒரு கேம். 2014இல் ‘கோச்சடையான்’ படத்தோடு வந்த போன் கேமின் பெயர் ‘ரெய்ன் ஆஃப் ஏரோஸ்’. அம்பு விடுவதுதான் ஆட்டம் என்று பெயரே சொல்லிவிடுகிறது. போஸ்டரை யாரும் பாதியில் கைவிடமாட்டார்கள்; படம் வரும் தேதிக்கு அது ஒட்டப்பட்டாக வேண்டும். கைவிடுவதற்கு முதலில் அதைத் தனிப் படைப்பு என்று கருதியிருக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு பக்கத்தில் வந்து போனது. ஏ.ஆர். முருகதாஸ் 2005இல் தமிழில் செய்த ‘கஜினி’யை 2008இல் இந்தியில் எடுத்தபோது, ஐதராபாத்தின் எஃப்எக்ஸ் லேப்ஸ் அதைக் கணினிக்கான முப்பரிமாண கேமாகச் செய்தது. இந்தியப் படத்திலிருந்து பிறந்த முதல் முப்பரிமாணக் கணினி கேம் என்று விளம்பரம். கதாநாயகனுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எதுவும் நினைவில் நிற்பதில்லை. புகைப்படங்களையும் உடம்பில் குத்திய பச்சையையும் பார்த்துத்தான் தன்னையே தெரிந்துகொள்கிறான். கேமுக்கென்றே நெய்து கொடுத்த வினை: மற, குறித்துவை, மறுபடி படி. வந்த கேம் அடிதடியும் துப்பாக்கியுமாக இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தார்கள்.

சட்டம் தடையா என்றால், பழைய படங்களுக்கு அந்தக் கதவு மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு நீடிக்கும். 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்துக்கு அந்தக் காலம் 2024 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் பாட்டுக்கும் வசனத்துக்கும் கணக்கு வேறு. எழுதியவர் மறைந்ததிலிருந்து 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981இல் என்பதால் அவருடைய வரிகள் 2041 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. முகம் இன்னும் சிக்கல். உயிரோடு இருக்கும் நடிகரின் பெயரையும் சாயலையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று 2015இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறைந்தவரின் புகழ் வாரிசுக்குச் சொத்தாக இறங்காது என்று 2021இல் ‘தலைவி’ படம் குறித்த வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. ஆக, எங்கள் மாணவர் இன்று தொடங்கினால் வழக்கறிஞரைவிட வடிவமைப்பாளரைத்தான் அதிகம் தேட வேண்டியிருக்கும்.

‘கர்ணன்’ 2012 மார்ச்சில் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளில் ஓடியபோது, சிறுவர்களும் பார்த்தார்கள். அவர்கள் தலைமுறை தாத்தாக்களிடமிருந்து முதலில் பெற்றது படத்தின் ஒலியை. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ‘பராசக்தி’யின் (1952) நீதிமன்றம், ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) ஜாக்சன் துரையோடு மோதும் காட்சி, ‘திருவிளையாடல்’ (1965) தருமி: நம் செவ்வியல் படங்களின் வினை பேசுதல். வானொலியின் ஒலிச்சித்திரமாகவும், திருவிழாக் குழாய் ஒலிபெருக்கியிலும், கேசட்டிலும், படம் பார்க்காமலேயே படத்தைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அமெரிக்க கேம் தொழிலின் கருவிப்பெட்டியில் துப்பாக்கிக்கு நூறு வகை விசை உண்டு, பேச்சுக்குப் பட்டியலிலிருந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலும் வழி. விதிவிலக்கு உண்டு. 1990இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ கேமில் வாட்சண்டையை வாளால் ஜெயிக்க முடியாது; எதிரி வசைக்குப் பொருத்தமான எதிர்வசை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தோற்று, தோற்கும்போது அதைக் கற்று, அடுத்தவனிடம் பயன்படுத்த வேண்டும். கலிபோர்னியாவில் இருந்துகொண்டு நக்கீரர், தருமி வகையில் ஒரு கேம் செய்திருக்கிறார்கள். மதுரைக்காரர்கள் யாரும் அதைப் பின்தொடரவில்லை.

7. மிச்சம்

கைவிடப்பட்ட ஒன்றை ஆராய்பவருக்கு இருக்கும் பெரிய இடர், சான்று. படூரிலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் பேருந்து பிடித்தால் மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் பார்க்கலாம், கூட்டம் இருக்காது. மேலே சிகரம் வரை செதுக்கி, கீழே பாறையை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். முடிக்கப்படாததால்தான் வேலை மேலிருந்து கீழே நடந்தது என்று நமக்குத் தெரிகிறது. உளியால் கோடு கோடாக வெட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, பிறகு ஒவ்வொரு சதுரத்தையும் தட்டி எடுத்த முறை, விட்ட இடத்தில் கை வைத்தால் தட்டுப்படும். ஏன் நிறுத்தினார்கள் என்பதில் அறிஞர்கள் உடன்படாவிட்டாலும் எப்படிச் செய்தார்கள் என்பதில் கல் பொய் சொல்வதில்லை.

கேமில் அந்த வசதி இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் கோப்புகள் நிறுவனத்தின் பெட்டிக்குள் போய்விடுகின்றன. வேலை செய்தவர்கள் ரகசியக் கையொப்பம் இட்டவர்கள். நமக்குக் கிடைப்பது ஓர் அறிவிப்பு, சில படங்கள், சில சமயம் ஒரு நிமிட முன்னோட்டம். சிகரம் மட்டும் தெரிகிறது. அதுவும் விற்பனைப் பிரிவு செதுக்கிய சிகரம். அதனால் மேலே சொன்ன மூன்று கேம்களிலும் ஆடுபவர் என்ன செய்திருப்பார் என்ற கேள்விக்கு, படத்தையும் பின்னால் வந்த கேம்களையும் வைத்தே விடை தேட வேண்டியிருந்தது.

மாடி மாணவரின் கோப்பு விஷயத்தில் எனக்கு அந்தக் குறை இல்லை. ஊரைக் காலி செய்யும் நாளில் அதை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசிப் பதிப்பில் சக்கரம் வருவதற்கு முன்னால் இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறார். வழியில் ஒருவர் வந்து ஏதாவது கேட்பார். ‘கொடு’ என்று ஒரே ஒரு பொத்தான். கொடுத்தால் திரையின் மேல் ஓரத்தில் உள்ள கவசம், குண்டலம், அம்பு என்ற வரிசையில் ஒன்று அழிகிறது. மற்ற கேம்களில் சேர்ந்துகொண்டே போகும் வரிசை இதில் குறைந்துகொண்டே வருகிறது. கொடுக்காமலும் இருக்கலாம், வந்தவர் ஒன்றும் சொல்லாமல் நடந்து போய்விடுவார். நான் இதுவரை நான்கு முறை ஆடிப் பார்த்தேன். நான்கு முறையும் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் கேமில் எதுவும் எழுதப்படவில்லை. தேர் போய்க்கொண்டே இருக்கிறது.